மூவாயிரம் மில்லிகிராம் அன்பு

லோர்னா டாட்டர்சாலின் ஓட்டுநர் தேர்வுக்குச் சரியாக இருபத்து நான்கு மணி பதினான்கு நிமிடம் இருந்தபோது அவளுக்கு முதல் தும்மல் வந்தது.

ஒன்றோடு நின்றிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வரிசையாக ஏழு வந்தன. ஏழாவதில் மேசையிலிருந்த காகிதமெல்லாம் பறந்தது.

"ஐயோ, இன்னிக்குப் போயா?" என்றாள் எதிர் மேசை பெர்னடெட்.

"சளி இல்ல. சும்மா தூசி" என்றாள் லோர்னா. சொல்லி முடிப்பதற்குள் எட்டாவது வந்தது.

தேர்வு மறுநாள் காலை பத்து பதினாலுக்கு. பத்தேகால் என்று வைக்காமல் ஏன் பத்து பதினாலு என்று லோர்னா பலமுறை யோசித்திருக்கிறாள். எதையும் ஏன் என்று யோசிப்பது அவள் சுபாவம். இது அவளுக்கு ஐந்தாவது தேர்வு. முதல் இரண்டில் ரவுண்டானா கவிழ்த்தது. மூன்றாவதில் ஒரு சைக்கிள்காரர். நான்காவதில், சாலையைக் கடந்த வாத்துக் குடும்பத்துக்காக வண்டியை நிறுத்தினாள். அது சரிதான். ஆனால் வாத்துகள் எங்கே போகின்றன என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

பத்தொன்பது வருடமாக அவள் தண்ணீரைப் பரிசோதிக்கிறாள். மேட்டுநிலத்து ஏரிகளிலிருந்து யாரோ பாட்டிலில் பிடித்துக் கொண்டுவருவார்கள். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, எதில் எது எத்தனை மில்லிகிராம் என்று இவள் எழுதுவாள். அந்த ஏரிகளில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. இப்போது பாட்டில் பிடிக்கும் வேலை காலியாகியிருந்தது. தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு ஏரி ஏரியாகப் போகும் வேலை. நவம்பர் முப்பதுக்குள் ஓட்டுநர் உரிமம் இருந்தால் அது லோர்னாவுக்கு. இல்லையென்றால் லீட்ஸ் நகரத்திலிருந்து ஓர் ஆள் தயாராக இருக்கிறார். நாளைய தேர்வை விட்டால் அடுத்தது ஏப்ரலில்தான் கிடைக்கும்.

எனவே தும்மல் என்பது வெறும் தும்மல் இல்லை.

பத்து ஐந்துக்குப் பிரிவுத் தலைவர் கிளைவ் டீ போட எழுந்தார். அந்த அலுவலகத்தில் ஒருவர் எழுந்தால் எல்லாருக்கும் போட்டுக்கொண்டு வரவேண்டும். கொண்டுவந்து வைத்ததைக் குடித்துவிடவும் வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த மூன்று நாளைக்கு "என்ன, ஏதாவது கோபமா?" என்று கேட்டுக் கொன்றுவிடுவார்கள்.

லோர்னாவின் கோப்பையில் டீ இல்லை. மஞ்சளாக ஏதோ ஆவி பறந்தது.

"எலுமிச்சைப் பொடி. சளிக்கு. சூடா ஒரே மடக்குல குடி" என்றார் கிளைவ். "நாளைக்கு நீ நல்லா இருந்தாகணும். லீட்ஸ் ஆளு வந்தா அவனுக்கு ஒழுங்கா டீ போடத் தெரியுமோ என்னவோ."

அவள் குடித்தாள். தும்மல் நிற்கவில்லை. தன் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்திகள் போட்டு, நேரத்தையும் தும்மல் எண்ணிக்கையையும் எழுத ஆரம்பித்தாள். எண்ண முடிகிற எதையும் எண்ணாமல் விடுவது அவளுக்குக் கஷ்டம்.

பதினொன்றரைக்கு எண்ணிக்கை இருபத்திரண்டு. பெர்னடெட் கைப்பையைத் திறந்து இரண்டு காப்ஸ்யூல்களை எடுத்தாள். பாதி சிவப்பு, பாதி நீலம்.

"கிளைவோட எலுமிச்சம்பழ ஜூஸ் எதுக்கு ஆகும்? இதைப் போடு. எங்க வீட்டுக்காரர் இதைப் போட்டுக்கிட்டுக் காய்ச்சலோட கூரையில ஏறினார்."

"ஏறி?"

"இறங்கவும் செஞ்சார், கவலைப்படாத. ரெண்டையும் போடு. நான் பாக்கணும்."

பெர்னடெட் பார்த்துக்கொண்டிருக்க லோர்னா இரண்டையும் விழுங்கினாள்.

ஒன்று பத்துக்கு ஓவன் எழுந்தான். ஓவன் வாரத்துக்கு ஒரு வாக்கியம் பேசுகிறவன். தண்ணீர் கொதித்ததும் எல்லாருக்கும் டீயும் அவளுக்கு மட்டும் சிவப்பாக ஒன்றும் கொண்டுவந்து வைத்தான்.

"கருந்திராட்சை வாசனை. உள்ள மருந்து இருக்கு. என் அக்கா சொன்னா" என்றான். அந்த வாரத்துக்கு அது மூன்று வாக்கியம். இவ்வளவு பேசியவனிடம் எப்படி வேண்டாம் என்பது? குடித்தாள்.

இரண்டரை மணிக்குத் தும்மல் நாற்பத்தொன்று. மூக்கு ஒழுகுவது நிற்கவில்லை. கூடவே நெஞ்சு படபடவென்று அடித்தது. பைப்பெட் பிடித்த கை நடுங்கியது. கீழே ரயில் ஓடுவதுபோல் நாற்காலி அதிர்ந்தது. அதிர்ந்தது நாற்காலியில்லை, தன் கால்தான் என்று சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது.

"நான் கடைக்குப் போயிட்டு வரேன். இன்னும் பலமா ஏதாவது வாங்கணும்."

"நாலு மணிக்கு இங்க இருக்கணும்" என்றார் கிளைவ் அவசரமாக.

"ஏன்?"

"ஏன்னா... கேக் இருக்கு."

"எதுக்குக் கேக்?"

"புதன்கிழமைக்கு" என்றாள் பெர்னடெட்.

லோர்னா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவசரத்தில் மப்ளரை விட்டுவிட்டாள்.

தெருவில் குளிர்காற்று அடித்தது. சூப்பர் மார்க்கெட்டுக்கு எட்டு நிமிட நடை. வழியில் ஒரு தும்மல்கூட இல்லை. சரி, ஓவனின் அக்கா சொன்னது வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அலுவலகத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, நாளைக் காலைக்கு ஒன்று என மூன்று பெட்டிகளை எடுத்தாள். ஒன்று பொடி, ஒன்று காப்ஸ்யூல், ஒன்று மாத்திரை. தானே பணம் கட்டும் இயந்திரத்தில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். மூன்றாவதைக் காட்டியதும் இயந்திரத்தின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

கடைக்காரப் பெண்மணி செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "ரெண்டுதான் கண்ணு."

"எது ரெண்டு?"

"இந்த மாதிரி மருந்து. ஒருத்தருக்கு ரெண்டு பெட்டிக்கு மேல தரக் கூடாது."

"ஆனா இது பொடி, இது காப்ஸ்யூல், இது மாத்திரை. மூணும் வேற வேறதானே?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது கண்ணு. இந்த மெஷினுக்கு மூணும் ஒண்ணுதான்."

வேறு யாராக இருந்தாலும் ஒரு பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு, எதிர்க்கடைக்குப் போய் மூன்றாவதை வாங்கியிருப்பார்கள். அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். லோர்னாவுக்கு அந்த வாக்கியம் காலில் மாட்டிக்கொண்டது. இயந்திரத்துக்கு மூன்றும் ஏன் ஒன்று?

இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று மூன்று பெட்டிகளையும் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கத்தில் ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் மின்னல், ஒன்றில் தூங்கும் நிலா. பின்பக்கத்தில் சின்ன எழுத்து. தினமும் பாட்டில்களின் சின்ன எழுத்தைப் படிக்கிற கண், பத்தொன்பது வருடத்தில் ஒரு மருந்துப் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை.

எலுமிச்சை: பாராசிட்டமால் ஆயிரம் மில்லிகிராம். மின்னல், இரண்டு காப்ஸ்யூலில்: பாராசிட்டமால் ஆயிரம். நிலாவிலும் அதுவே. கிளைவின் பொடி இந்த எலுமிச்சைதான். பெர்னடெட்டின் காப்ஸ்யூல் இந்த மின்னல்தான். ஓவனின் சிவப்பு?

"மன்னிக்கணும், கருந்திராட்சை வாசனையில ஒண்ணு இருக்குமே?"

"நாலாவது தட்டு. ஆனா அதையும் சேத்து வாங்க முடியாது."

"வாங்க வேண்டாம். படிக்கத்தான்."

கடைக்காரப் பெண்மணி அவளை ஒரு மாதிரி பார்த்தார். லோர்னா நாலாவது தட்டுக்குப் போய்ப் படித்தாள். அதிலும் ஆயிரம்.

எதையும் வாங்காமல் நேராக எதிரே இருந்த மருந்துக் கடைக்குப் போனாள்.

அங்கே நஸ்ரீன் என்ற இளம்பெண் மருந்தாளுநர். லோர்னா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "என் தோழி ஒருத்திக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"தோழிக்குக் கை நடுங்குதா?" என்றாள் நஸ்ரீன் அவள் கையைப் பார்த்தபடி.

லோர்னா குறிப்பேட்டைத் திறந்து கவுன்டரில் வைத்தாள். இன்னும் மூன்று பத்திகள் சேர்த்திருந்தாள்: நேரம், மருந்து, கொடுத்தவர் பெயர், மில்லிகிராம், தும்மல். கடைசி வரியில் மொத்தம் போட்டு இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

நஸ்ரீன் இரண்டு முறை படித்தாள். "இப்படி எழுதிக்கிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான். மத்தவங்க 'ஏதோ மஞ்சளா ஒண்ணு'ன்னு சொல்வாங்க."

"ஒரு நாளைக்கு நாலாயிரம்தானே எல்லை? நான் மூவாயிரம்தான்."

"நாலாயிரம் சரிதான். ஆனா ஒவ்வொரு ஆயிரத்துக்கும் நடுவுல குறைஞ்சது நாலு மணி நேரம் விடணும். நீங்க மூணையும் மூணு மணி அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருக்கீங்க. அவங்க மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கேக்கலையா?"

"எங்க ஆபீஸ்ல யாரும் யாரையும் கேக்க மாட்டோம். கொண்டுவந்து வச்சிடுவோம்."

"படபடப்பு இதுல கூட இருக்கிற மூக்கடைப்பு மருந்தால. அதுவும் மூணு தடவை உள்ள போயிருக்கு. காப்ஸ்யூல்ல காஃபீன் வேற. இருங்க."

நஸ்ரீன் மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். எடை எவ்வளவு, எத்தனை மணிக்கு எது, வேறு மருந்து உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்று அந்தப் பக்கம் ஒருவர் நிதானமாகக் கேட்டார். லோர்னா தன் எடையில் இரண்டு கிலோ குறைத்துச் சொல்லி, உடனே திருத்திக்கொண்டாள். அந்தப் பத்து நிமிடத்தில் ஏரி, தேர்வு, லீட்ஸ் ஆள் எல்லாம் மறந்துபோய்த் தன் கல்லீரலை மட்டும் நினைத்தாள். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட ஒரு கணம் சந்தேகம் வந்தது.

நஸ்ரீன் போனை வைத்தாள். "இப்போதைக்கு ஆபத்தில்லன்னு சொல்றாங்க. ஆனா நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாராசிட்டமால் இருக்கிற எதையும் தொடக் கூடாது. வாந்தி வந்தாலோ வயித்துல வலி வந்தாலோ நேரா ஆஸ்பத்திரி. கல்லீரல் ரொம்பப் பொறுமைசாலி. கஷ்டத்தை லேட்டாத்தான் சொல்லும்."

"எங்க ஊர்க்காரங்க மாதிரி."

"ஆமா" என்று சிரித்தாள் நஸ்ரீன். "சரி, உங்களுக்கு என்னதான் செய்யுது? காய்ச்சல்?"

"இல்ல."

"தொண்டை வலி? உடம்பு வலி?"

"இல்ல. மூக்கு ஒழுகுது, தும்மல், கண்ணு அரிக்குது."

"ஒவ்வாமை ஏதாவது உண்டா?"

"சின்ன வயசுல ஜூன் மாசத்துல வரும். மகரந்தம்னாங்க. இது நவம்பர் ஆச்சே."

நஸ்ரீன் குறிப்பேட்டை மறுபடி பார்த்தாள். "நீங்க வந்து இருபது நிமிஷமாச்சு. ஒண்ணுகூடத் தும்மலையே."

"மருந்து கேக்குது போல."

"ஆனா நீங்க சாப்பிட்ட மூணுலயும் தும்மலுக்குன்னு எதுவுமே இல்லையே."

இரண்டு பேரும் குறிப்பேட்டின்மேல் குனிந்தார்கள். இன்னும் இரண்டு நிமிடம் கிடைத்திருந்தால் எதையாவது கண்டுபிடித்திருப்பார்கள். பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் லேசாக இருமினார். அது நோய் இருமல் இல்லை, சீக்கிரம் நகருங்கள் என்ற இருமல்.

"வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க" என்றாள் நஸ்ரீன். "எதைச் சாப்பிடுறதுக்கு முன்னாடியும் பெட்டியோட பின்பக்கத்தைப் படிங்க."

லோர்னா அலுவலகத்துக்குப் போன் செய்து, நேராக வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள்.

"அப்ப நாலு மணி?" என்றார் கிளைவ், குரல் தொங்கிப்போய்.

"கேக்கை நீங்களே சாப்பிடுங்க கிளைவ்."

வீட்டில் கணவன் டெரன்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டெரன்ஸ் பள்ளிக்கூடங்களுக்குக் கொதிகலன் பழுதுபார்ப்பவன். நல்லவன். பாதி கேட்டதுமே செயலில் இறங்குகிற ரகம்.

"இனிமே இந்த வீட்ல பாராசிட்டமால்ங்கிற பேச்சே கிடையாது" என்று அறிவித்தான்.

மாலை ஐந்தரை வரை லோர்னாவுக்கு ஒரு குறையும் இல்லை. கை நடுக்கம் நின்றது. நெஞ்சு அடங்கியது. சமையலறையில் உட்கார்ந்து சாலைக் குறிகளைப் படித்தாள். வாசல் மணி அடித்தது. டெரன்ஸ் போனான். நெடுநேரம் வாசலில் கிசுகிசுப்பு கேட்டது. பிறகு மாடிப்படியில் தடதடவென்று காலடி.

"யாரு?"

"கிளைவ். உன் மப்ளரைக் குடுத்துட்டுப் போனார்."

"மப்ளரைக் குடுக்க இவ்வளவு நேரமா? மாடியில என்ன பண்ற?"

"மப்ளரை மடிச்சு வைக்கிறேன்."

இருபத்தாறு வருட இல்லறத்தில் டெரன்ஸ் எதையும் மடித்ததில்லை. பயத்தில் மனிதன் மாறிவிட்டான் என்று லோர்னா நினைத்தாள்.

எட்டு மணிக்குப் படுக்கையறைக்குப் போனாள். போன ஐந்தாவது நிமிடம் தும்மல் பிடித்தது. பதினொன்று, பதினைந்து, பத்தொன்பது. கண் சிவந்து வீங்கியது.

"திரும்ப வந்துடுச்சு டெரன்ஸ். போர்வை எடுக்கணும், அந்த அலமாரியைத் திற."

டெரன்ஸ் பாய்ந்துபோய் அலமாரிக் கதவில் சாய்ந்து நின்றான். "நீ படு ராசாத்தி. நீ எதையும் திறக்காத. நான் பாத்துக்கறேன்."

அவன் கீழே போய் ஒரு கோப்பை சூடான பழரசத்தோடு வந்தான். "இதைக் குடி. மருந்து இல்ல."

அவள் குடித்தாள். கொஞ்சம் கசந்தது. அரைமணியில் தும்மல் அப்படியே அடங்கியது. பழரசத்துக்கு இப்படி ஒரு குணமா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். காலை ஆறு மணிக்குத் தும்மிக்கொண்டே எழுந்தாள். டெரன்ஸ் டீ கொண்டுவந்தான். அதுவும் கசந்தது. மறுபடி தும்மல் அடங்கியது.

ஏழரைக்குச் சமையலறையில் லோர்னா ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். தடவி முடித்துப் பார்த்தால் வெண்ணெய் தட்டில் இருந்தது. ரொட்டி இன்னும் பையில் இருந்தது.

"டெரன்ஸ், என் தலைக்குள்ள யாரோ பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு."

"தேர்வு பயம்."

"பயம் வந்தா எனக்குத் தூக்கம் போகும். இப்ப நின்னுக்கிட்டே தூங்கிடுவேன் போலிருக்கு. அந்தப் பழரசத்துல என்ன போட்ட?"

டெரன்ஸ் ஜன்னலைப் பார்த்தான். பிறகு பெருமையும் குற்ற உணர்வும் கலந்த முகத்தோடு, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் சிரப் பாட்டிலை எடுத்தான். "பாராசிட்டமால் இல்ல. ஒரு சொட்டு கிடையாது. நான் பின்பக்கம் முழுக்கப் படிச்சேன். ராத்திரி ஒரு தடவை, காலையில ஒரு தடவை. அளவுக் கரண்டியிலதான் ஊத்தினேன்."

"எனக்கு இருமலே இல்லையே!"

"இருமல், சளி, ஒவ்வாமை, மூணுக்கும்னு போட்டிருந்துச்சு. ஏதாவது ஒண்ணுக்குக் கேக்கும்னு..."

லோர்னா பாட்டிலை வாங்கினாள். டெரன்ஸ் படித்தது உண்மைதான். பாராசிட்டமால் இல்லை. ஆனால் கடைக்காரர்கள் ஒட்டிய விலைச் சீட்டு ஒரு மூலையை மறைத்திருந்தது. நகத்தால் உரித்தாள். அடியில் இருந்தது: தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்து உள்ளது. வண்டி ஓட்டாதீர்கள்.

மணி ஏழு நாற்பது. இரண்டாவது கரண்டி உள்ளே போய் ஒரு மணி நாற்பது நிமிடம்.

"ஒண்ணும் ஆகாது" என்றான் டெரன்ஸ் வெளிறிப்போய். "நீ நல்லாத்தான் இருக்க. முகம் பளிச்சுன்னு இருக்கு."

"இருக்கேனா இல்லையான்னு அளந்து பாத்துடலாம். ஸ்கேலை எடு."

முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல். ஒருவர் மேலே பிடித்துச் சொல்லாமல் விடவேண்டும். இன்னொருவர் கீழே விரலை வைத்துப் பிடிக்கவேண்டும். எத்தனை சென்டிமீட்டர் விழுந்தது என்பதுதான் கணக்கு. முதலில் லோர்னா விட்டாள். டெரன்ஸ் பதினாறில் பிடித்தான்.

அவள் முறை. இருபத்தாறு. இரண்டாவது, இருபத்தெட்டு. மூன்றாவது முறை ஸ்கேல் முழுசாக விழுந்து அவள் கால் பெருவிரலில் குத்தி நின்ற பிறகு விரல் மூடியது.

"அது நான் சரியா விடல" என்றான் டெரன்ஸ்.

லோர்னா கணக்குப் போட்டாள். பிடித்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டாலும், முப்பது மைல் வேகத்தில் பிரேக்கைத் தொடுவதற்குள் வண்டி, டெரன்ஸ் ஓட்டுவதைவிட ஏறக்குறைய முக்கால் மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். "முக்கால் மீட்டர்னா ஒரு நாய்க்குட்டி டெரன்ஸ்."

"ஒரு தடவைதானே? நாற்பது நிமிஷம். தேர்வாளருக்கு எப்படித் தெரியப்போகுது? சொல்லலன்னா யாருக்குத் தெரியும்? ஏரி போயிடும் லோர்னா."

லோர்னா ஸ்கேலை மேசையில் வைத்தாள். ஏரி போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாதா?

ஒன்பது மணிக்குப் பயிற்சியாளர் ப்ரூடன்ஸ் தன் சின்னச் சிவப்பு வண்டியோடு வந்தார். அறுபது வயது, உரத்த குரல், ரகசியம் என்றால் அவருக்கு வயிறு உப்பிவிடும். டெரன்ஸ் அவரை ஓரமாக அழைத்துப்போய் ஏதோ பேசினான். வண்டியின் டிக்கி திறந்து மூடும் சத்தம் கேட்டது. "சிரப்பைப் பத்தி எச்சரிச்சேன்" என்றான் திரும்பி வந்து. வழியனுப்ப மட்டும் வருவான் என்று பார்த்தால் தானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டான். வேலைக்குப் பாதிநாள் விடுப்பாம்.

"நீங்களே ஓட்டுங்க ப்ரூடன்ஸ்" என்றாள் லோர்னா. "நான் அங்க போய் முடிவு பண்றேன்."

வழியில் ஒன்பது தும்மல். சிரப் இருந்ததால் ஒன்பதோடு நின்றது. தும்மலுக்கு நடுவில் அவள் தலை இருமுறை ஜன்னலில் மோதியது. ப்ரூடன்ஸ் இரண்டு முறை எதையோ சொல்ல வாயைத் திறந்தார். இரண்டு முறையும் டெரன்ஸ் பின்னாலிருந்து "சிக்னல், சிக்னல்" என்று கத்தினான். ஒரு சிக்னல் பச்சையில் இருந்தது. இன்னொரு இடத்தில் சிக்னலே இல்லை.

தேர்வு மையத்தின் காத்திருப்பு அறையில் ஆறு நாற்காலிகள், ஒரு கடிகாரம். பத்து பதினொன்று. லோர்னா கையைக் கிள்ளிக்கொண்டாள். இப்போது தும்மல் இல்லை. கொஞ்சம் தெளிவாகக்கூட இருந்தது. நாற்பது நிமிடம்தான். மெதுவாக ஓட்டலாம். மேட்டுநிலம், பனி, ஏரிக்கரையில் தான் மட்டும் ஒரு பாட்டிலோடு நிற்பது எல்லாம் கண்ணில் வந்தது. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?

பத்து பதினாலுக்குக் கதவு திறந்தது. உயரமான, நரைத்த தேர்வாளர். கையில் தட்டு போன்ற கணினி. "திருமதி டாட்டர்சால்? ஆரம்பிக்கலாமா?"

பத்தொன்பது வருடத்தில், எல்லையைத் தாண்டிய எண்ணை எல்லைக்குள் இருப்பதாக அவள் ஒரு நாளும் எழுதியதில்லை. ஒரு புள்ளிகூடத் தள்ளிப்போட்டதில்லை. யாரும் பார்க்காதபோதும்தான்.

"முடியாது" என்றாள். "காலையில ஆறு மணிக்குத் தூக்கம் வர்ற மருந்து சாப்பிட்டேன். தெரியாமச் சாப்பிட்டேன். ஆனா சாப்பிட்டுட்டேன். ஸ்கேல்ல இருபத்தெட்டு வருது."

தேர்வாளருக்கு ஸ்கேல் புரியவில்லை. மற்றது புரிந்தது. அவர் பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா இந்த வேலை பாக்கிறேன் திருமதி டாட்டர்சால். இதை என்கிட்ட சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"அப்படியா?"

"ஆமா. அப்ப மத்தவங்க எத்தனை பேர் அதைக் குடிச்சுட்டு என்னைப் பக்கத்துல உக்கார வச்சு ஓட்டியிருப்பாங்கன்னு இப்பத்தான் யோசிக்கிறேன்." அவர் முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. "தேர்வு நடக்கலன்னு பதிவு பண்றேன். பணம் திரும்ப வராது. தோல்வின்னும் வராது."

வெளியே வந்தபோது ப்ரூடன்ஸ் வண்டியில் சாய்ந்து நின்று போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். லோர்னாவின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"நல்ல பொண்ணு. இரு, பேசாத. யாராவது ரத்து பண்ணுவாங்க, உடனே கொத்தணும். இந்த விரல் இருபது பேருக்கு அப்படித் தேதி பிடிச்சிருக்கு." அவர் விரல் திரையில் பறந்தது. "டிசம்பர்... வேணாம். ஜனவரி... வேணாம். ஆ! பக்கத்து ஊர். நவம்பர் இருபத்தேழு. காலையில எட்டு பத்து. பிடிச்சாச்சு!"

"இருபத்தேழா?" லோர்னா திரையை எட்டிப் பார்த்தாள். "முப்பதுக்கு முன்னாடியா?"

"மூணு நாள் முன்னாடி. ஏரி உன்னோடதுதான், வாத்தைப் பாக்காம இருந்தா."

லோர்னா அவரைக் கட்டிக்கொண்டாள். வண்டிக்குப் பக்கத்தில் போனதாலோ என்னவோ, கட்டிக்கொண்டபடியே அவர் தோளில் மூன்று முறை தும்மினாள். பிறகு நிமிர்ந்து, குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தாள். தூக்கக் கலக்கத்திலும் அந்தப் பத்தி அவளை விடவில்லை.

"ஆபீஸ்ல நாற்பத்தொண்ணு. தெருவுல, கடைகள்ல ஒண்ணுமில்ல. சமையலறையில ஒண்ணுமில்ல. படுக்கையறையில ராத்திரி மட்டும் பத்தொன்பது. காத்திருப்பு அறையில ஒண்ணுமில்ல. இந்த வண்டியில ஒன்பது, இப்ப மூணு. டெரன்ஸ், சளிக்கு இடம் பாத்து வரத் தெரியுமா?"

டெரன்ஸ் தரையைப் பார்த்தான். விரல்விட்டு ஏதோ எண்ணினான். "இன்னும் எட்டு நாள் இருக்கா..." என்று முணுமுணுத்தான். "இனிமே பாஸானதும்தான் குடுக்கணும்னு கிளைவ் சொல்லியிருக்காரே..."

"எதை?"

"ஒண்ணுமில்ல ராசாத்தி."

ப்ரூடன்ஸுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "எட்டு நாளெல்லாம் அந்த லில்லிப் பூங்கொத்து தாங்காது டெரன்ஸ்! நாலு மணிக்குக் கேக்கோட குடுக்கலாம்னு நேத்துக் காலையில பத்து மணிக்கு ஆபீஸ்ல அவ நாற்காலிக்குப் பின்னாடி ஒளிச்சு, ராத்திரி உங்க அலமாரியில ஒளிச்சு, இப்ப என் டிக்கியில கிடக்குது, மகரந்தம் வேற என் சீட்டெல்லாம் கொட்டுது, இப்பவே எடுத்து அவ கையில குடுத்துடு!"